முதல் அடியை விட்டுவிடு

2019 ஜூலை கடைசியில் கவாயித் தீவில் நான்கு நாள் இருந்தேன். போனது கோயில் பார்க்க. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், வைலுவா ஆற்றுப் பக்கம், ஒரு சைவ ஆதீனம் இருக்கிறது என்று சொன்னால் ஊரில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளைக் குருவாகக் கொண்ட அமெரிக்கர் ஒருவர் 1970-இல் நிறுவியது அது. நான் போனபோது இறைவன் கோயில் வேலை முடியவில்லை. பெங்களூர்ப் பக்கம் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்த வெண்கல் தூண்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. கும்பிட்டுவிட்டு வந்து வாடகைக் காரில் ஏறி ரேடியோவைப் போட்டேன்.

ஜமைக்காவின் ரெகே வந்தது. சரி, ஏதோ ஒரு பாட்டு என்று விட்டுவிட்டேன். அடுத்ததும் ரெகே. அதற்கடுத்து ஒரு பழைய அமெரிக்கக் காதல் பாட்டு, அதுவும் ரெகேயாக மாறி வந்தது. பாடுகிறவர் பேர் சுத்தமான ஹவாய்ப் பேர். உச்சரிப்பு மட்டும் ஜமைக்கா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பசிபிக், ரேடியோவில் கரீபியன். இவர்களுக்கென்று பாட்டே கிடையாதா என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அந்த நினைப்பு சாயங்காலம் வரைதான் தாங்கியது.

சாயங்காலம் அனஹோலாவில் ஒரு பிறந்தநாள். கலிபோர்னியாவில், அலுவலகத்தில், என் பக்கத்து மேஜைக்காரன் அந்தத் தீவில் பிறந்தவன். அவன் தங்கை குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது. "கோயிலுக்குத்தானே வர்றே, அப்படியே வீட்டுக்கும் வா" என்று சொல்லியிருந்தான். அங்கே முதல் பிறந்தநாள் என்பது நம் காதுகுத்து மாதிரி, சொந்தம் மொத்தமும் திரண்டுவிடும். கப்பலில் வந்த அம்மையிலும் தட்டம்மையிலும் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்த காலத்தில், ஒரு வருஷம் தாண்டுவதே பெரிய விஷயமாக இருந்ததன் மிச்சம் என்கிறார்கள்.

வாசலில் தார்ப்பாய்ப் பந்தல். உயரம் கூட்டிய டொயோட்டா பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. இரண்டு வண்டிகளில் ஹவாய்க் கொடி தலைகீழாகக் கட்டியிருந்தது. எட்டுப் பட்டைகளும் மூலையில் பிரிட்டிஷ் கொடியும் கொண்ட அந்தக் கொடி ஹவாய் தனி ராஜ்யமாக இருந்த காலத்தது. கொடியைத் தலைகீழாகப் பறக்கவிட்டால் கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பந்தலுக்குள் ஒரு மேஜையில் ஐந்தாறு பேர் ஒரே கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தீவில், ஹவாய்க்காரர்கள் புனிதமாகக் கருதும் மவுனா கேயா மலைமேல் முப்பது மீட்டர் தொலைநோக்கி கட்டக் கூடாது என்று ஜூலை மத்தியிலிருந்து சாலையை மறித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நேரலை அது. பத்து நாளைக்கு முன்புதான், 17-ஆம் தேதி, முப்பதுக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் தாத்தா பாட்டிகளை, போலீஸ் அங்கே கைது செய்திருந்தது. நண்பனின் சித்தி மகள் அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்தாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பன்றிக்கறியை சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து வேகவைக்கிறார்கள். 'லூஆவ்' என்று சுற்றுலா விளம்பரங்களில் வரும் விருந்துக்கு அந்தப் பேர் வந்ததே இந்த இலையின் பெயரிலிருந்துதான். கோயிலுக்குப் போய்வந்த நாள் என்பதால் கறியை நான் தொடவில்லை. அவித்த சேப்பங்கிழங்கை இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஊதா நிறக் கூழாக ஒன்றை ஊற்றினார்கள். பேர் 'பொய்'. தமிழன் காதுக்கு இதைவிடச் சங்கடமான பேர் இருக்க முடியாது. லேசான புளிப்பு, பழைய கஞ்சியின் சாயல்.

தட்டில் ஊற்றிய அத்தைதான் கதையையும் சொன்னார். (அங்கேயும் வயதில் மூத்த எல்லோரும் ஆன்டி, அங்கிள்தான், உறவு விசாரிப்பதில்லை.) ஆகாயத் தகப்பனான வாக்கேயாவுக்கு முதலில் பிறந்த குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. வீட்டுப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அந்த இடத்தில் சேப்பஞ்செடி முளைத்தது. அடுத்து உயிரோடு பிறந்த பிள்ளைக்கு அண்ணன் பெயரையே வைத்தார்கள்: ஹாலோவா. ஹவாய்க்காரர்கள் அத்தனை பேரும் அந்தத் தம்பியின் வம்சம். அப்படியென்றால் சேப்பங்கிழங்கு அவர்களுக்கு அண்ணன். குடும்பத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஓஹானா' என்ற சொல்லே தாய்க்கிழங்கைச் சுற்றி முளைக்கும் குட்டிக்கிழங்கின் பெயரிலிருந்து வந்தது. நாம் வாழையடி வாழை என்கிறோமே, அது மாதிரி. நம் வீட்டில் புளிக்குழம்பில் போடுகிற கிழங்குக்கு இன்னோர் ஊரில் இப்படி ஒரு மரியாதை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாப்பிட்டு முடிக்கும்போது இசை ஆரம்பித்தது. ஒரு பேஸ் கிடார், உட்கார்ந்து தட்டுகிற பெட்டி ஒன்று, இரண்டு உகுலேலே, அதாவது நாலு நரம்புச் சின்னக் கிடார். காலையில் காரில் கேட்ட அதே தாளம்.

நண்பனின் தாய்மாமா உகுலேலே வாசித்தார். அறுபதை நெருங்குகிறவர், முன்கையில் முக்கோணங்கள் வரிசையாகப் பச்சை குத்தியிருந்தது. நடுவில் ஓய்வெடுத்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, இது எப்படி அங்கிள் உங்கள் பாட்டு ஆனது என்று கேட்டேன். பதிலுக்கு வாத்தியத்தை என் கையில் கொடுத்தார்.

"எண்ணு பிரதர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுல அடிக்காதே. விட்டுடு."

விடுவதுதான் கஷ்டம். கை தானாக முதல் எண்ணிக்கையில் போய் விழுகிறது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டில் மேலிருந்து ஒரு வெட்டு; வெட்டிய அதே கணத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதி நரம்புகளின் மேல் விழுந்து சத்தத்தை அமுக்கிவிட வேண்டும். 'சக்'. மறுபடி நாலில் 'சக்'. பெட்டிக்காரர் முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டு மூன்றில் மட்டும் கனமாகத் தட்டினார். நம் பாட்டுக் கச்சேரிகளில் சமத்தை விட்டு இடம் தள்ளி எடுப்பார்களே, கேட்கிறவன் அந்த வெற்றிடத்தைத் தலையசைத்துத் தானே நிரப்பிக்கொள்வானே, அதேதான். உகுலேலேயின் கீச்சுக் குரலுக்கு அந்த 'சக்' பிறந்ததிலிருந்தே தெரியும் போல அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஜமைக்காவில் மின்கிடார் செய்யும் வேலையை இங்கே நாலு நரம்புப் பெட்டி செய்கிறது.

"எங்க பாட்டு எதுன்னு கேட்டே இல்ல?" என்றார். "இந்த உகுலேலே போர்த்துகீசியன் கொண்டு வந்தது. கிடார் மெக்சிகோக்காரன். சர்ச் பாட்டு மிஷனரி. இதை மட்டும் ஏன் கேக்கிறே?"

பிறகு தேடிப் படித்ததில் அவர் சொன்னது அத்தனையும் சரி. 1830களில் மாடு மேய்க்க வரவழைத்த மெக்சிகோ ஆட்கள் கிடாரை விட்டுவிட்டுப் போனார்கள். ஹவாய்க்காரர்கள் நரம்புகளைத் தளர்த்தி, தங்கள் காதுக்குப் பிடித்த மாதிரி சுருதி மாற்றி, 'கீ ஹோஆலு' என்று ஒரு தனி வாசிப்பையே உண்டாக்கினார்கள். 1879 ஆகஸ்டில் போர்த்துகலின் மதேய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த கப்பலில் இறங்கிய சின்னக் கிடார்தான் உகுலேலே ஆனது. நான் காரில் எதிர்பார்த்துக் கிடைக்காமல் எரிச்சல்பட்ட 'அசல்' ஹவாய் இசைக்கே வயது இருநூறுக்குள்தான்.

ஆனால் கடன் வாங்குவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஏன் ரெகே? ராக் இருந்தது, டிஸ்கோ இருந்தது. அவை வந்து போயின. இது மட்டும் ஏன் வந்து உட்கார்ந்துகொண்டது?

ரெகேயை உலகமறியச் செய்த ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி 1979 மே மாதம் ஹோனலூலுவில், வைக்கீகி ஷெல் திறந்தவெளி அரங்கில் பாடினார். அது வெறும் ஒரு கச்சேரி வருஷம் இல்லை. 1976-இல் ஹோக்கூலேயா என்ற இரட்டைப் படகு, கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் மட்டும் பார்த்துத் தஹிதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதே வருஷம் அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகிக்கொண்டிருந்த கஹோஒலாவே தீவில் இளைஞர்கள் அத்துமீறி இறங்கினார்கள். அவர்களில் முன்னால் நின்ற ஜார்ஜ் ஹெல்ம் ஒரு பாடகர். 1977 மார்ச்சில் அந்தத் தீவுக்கருகே கடலில் காணாமல் போனார். 1896-இல் பள்ளிக்கூடங்களிலிருந்து துரத்தப்பட்ட ஹவாய் மொழி 1978-இல் அரசு மொழி ஆனது. தாத்தா பேசியது அப்பாவுக்குத் தெரியாது, மகன் கற்றுக்கொள்ளத் துடிக்கிறான் என்ற நிலைமை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள், உங்களிடமிருந்து எதைப் பிடுங்கினார்கள் என்று பாடினால் எப்படி இருக்கும்! அங்கிளுக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை. ஹோனலூலுவில் வேலை பார்த்த அவர் அண்ணன் கொண்டுவந்த கேசட் நாடா அறுகிற வரை ஓடியதாம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஜமைக்காவில் ராஸ்தஃபாரிகள் பாடியது கடல் கடந்த தாயகத்தைப் பற்றி. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். பைபிளில் பாபிலோனில் சிறை இருந்த இஸ்ரவேலர் சீயோனை நினைத்து அழுததை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தெய்வமாகக் கும்பிட்ட எத்தியோப்பியச் சக்கரவர்த்தி 1966-இல் கிங்ஸ்டனில் இறங்கியபோது விமான நிலையமே தாங்கவில்லை. ஹவாய்க்காரர்களை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. அவர்கள் நிற்பது அவர்கள் மண்ணிலேயே. 1893 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையினர் கரையில் நிற்க, சர்க்கரை வியாபாரிகளும் வக்கீல்களுமாகச் சேர்ந்து ராணி லிலியுஒகலானியைக் கவிழ்த்தார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளை எடுத்துக்கொண்டது. இடையில் 1897-இல் இணைப்பு வேண்டாம் என்று 21,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது மொத்த ஹவாய்க்காரர்களே ஏறக்குறைய 40,000 பேர்தான். நூறு வருஷம் கழித்து, 1993-இல், அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. மண்ணைத் திருப்பித் தரவில்லை.

சொந்த வாசலிலேயே நாடு கடத்தப்பட்டவன் எந்தப் பாட்டைப் பாடுவான்? பழைய ஹவாய்ப் பாட்டுகளில் துக்கம் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது. ஆனால் 'பாபிலோன்' என்ற ஒற்றைச் சொல்லில் வங்கி, ஓட்டல், கடற்படை, கோர்ட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் திட்டுகிற வசதி ரெகேயில்தான் கிடைத்தது. இரண்டு ஊரையும் ஆட்டி வைத்தது சர்க்கரை என்பதும் சும்மா இல்லை. கவாயின் கோலோவாவில் 1835-இல் தொடங்கிய கரும்புத் தோட்டத் தொழில் 2016-இல்தான் மாவி தீவில் கடைசி மூச்சை விட்டது. தோட்டத்தில் பல ஜனங்கள் கலந்து உண்டான பிட்ஜின் பேச்சும் ஜமைக்காவின் பட்வாப் பேச்சும் வெவ்வேறு மொழிகள்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பேசி அடி வாங்கியவர்களுக்கு ஒன்றையொன்று அடையாளம் தெரிகிறது. (கஞ்சா என்ற சொல்லும் ஒப்பந்தக் கூலிகளோடு நம் பக்கத்திலிருந்துதான் ஜமைக்காவுக்குப் போனது. ஹவாயில் அதற்கு 'பக்கலோலோ' என்று பேர், கிறுக்குப் புகையிலை. இந்த உறவையும் மறைக்க வேண்டாம்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரெகேயைத் தூரத்தில் நின்று கேட்டால் கடற்கரை, வெயில், சந்தோஷம். சொல்லைக் கேட்டால் அடிமைக் கப்பல். ஹவாயிலும் இது பழைய வித்தை. 1893-இல் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எழுதித் தர மாட்டோம் என்று அரச வாத்தியக் குழுவினர் மறுத்தார்கள்; சம்பளம் போனால் கல்லைத் தின்று பிழைப்போம் என்றார்கள். அவர்கள் கேட்டதற்காக எலன் பிரென்டர்காஸ்ட் எழுதிய பாட்டுக்குக் 'கல் தின்னும் பாட்டு' என்றே ஒரு பேர் உண்டு. மெட்டு துள்ளுகிறது. அர்த்தம் தெரியாத சுற்றுலாப் பயணி கை தட்டிக்கொண்டே கேட்பான். ஹவாய்க் கவிதையில் இந்த உள் அர்த்தத்துக்கு 'கவோனா' என்று பெயர். நம் சங்கப் பாட்டின் உள்ளுறையைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இனிப்புக்குள் கசப்பை வைத்துக் கொடுக்கத் தெரிந்தவர்களிடம்தான் ரெகே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் நல்ல பக்கம். 1980களின் தொடக்கத்தில் பிரதர் நோலண்ட் போன்றவர்கள் கலக்க ஆரம்பித்த இசைக்கு, அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஜமைக்காவையும் ஹவாயையும் ஒட்டி 'ஜவாயியன்' என்று பேர் வந்தது. 1990 வாக்கில் ப்ரதா வால்ட்டா தன் ஆல்பத்துக்கு 'ஹவாயன் ரெகே' என்றே தலைப்பு வைத்தார். ஹோனலூலுவில் இதற்கென்றே எஃப்.எம். வந்தது. அப்புறம் வெள்ளம்தான். எந்தக் காதல் பாட்டையும் 'சக் சக்' என்று வெட்டினால் விற்கும் என்றாகிவிட்டது. ஹவாய் மொழியில் பாடியவர்கள் கோபப்பட்டார்கள். நாங்கள் ஒரு நூற்றாண்டு போராடி மீட்டதை இன்னொரு தீவின் தாளத்தில் கரைக்கிறீர்கள் என்றார்கள். அவர்கள் கட்சியில் நியாயம் உண்டு. காரில் நான் கேட்டதில் முக்கால்வாசி சர்க்கரைத் தண்ணீர்; இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

அவர்கள் வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இடத்தைப் பற்றியது. ஹவாய்ப் பாட்டு என்றால் அதில் ஒரு இடத்தின் பேர் இருக்கும். இடம் மட்டுமில்லை, அந்த இடத்தின் மழைக்குத் தனிப் பேர், காற்றுக்குத் தனிப் பேர். மானோவாப் பள்ளத்தாக்கின் மழை துவாஹினே. ஹீலோவின் மழை கனிலெஹுவா. கதையும் பாட்டும் பெற்ற அந்த இடங்களை 'வாஹி பனா' என்கிறார்கள். பாடல் பெற்ற தலம் என்று நான் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். பேர் சொல்லாமல் பொதுவாகக் கடற்கரை, பொதுவாக நிலா, பொதுவாக ஒரு பெண் என்று பாடினால் அது எந்த ஊர்ப் பாட்டு?

இதை அங்கிளிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அதுக்குத்தான் இதைப் பாடுறோம்" என்று மறுபடி உகுலேலேயை எடுத்தார். ரெகேதான். பேஸ் நெஞ்சில் இடித்தது. ஆனால் சொல்லெல்லாம் அனஹோலா, அதன் மலை, ஓடை, எந்த மூலையில் யார் வலை போடுவார் என்பது. அவரே கட்டிய பாட்டாம், எங்கும் பதிவாகவில்லை. ஒவ்வொரு பேரும் வரும்போது பந்தலில் அந்த மூலைக்காரர்கள் "சீ ஹூ!" என்று கத்தினார்கள். அதைக் கேட்ட பிறகு என் மனத்தராசு சாய்ந்துவிட்டது. தாளம் எங்கிருந்து வந்தால் என்ன, பாட்டுக்குள் ஊர்ப்பேர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். தி கிரீன் என்ற ஓவாஹுத் தீவுக் குழு 2013-இல் தன் ஆல்பத்துக்கு 'ஹவாய் 13' என்று பேர் வைத்தது. ஹவாய்ப் பாடகர் இஸ்ரயேல் கமகவிவோஒலே பாடி ஊரறிந்த 'ஹவாய் 78' தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணே போதும், முப்பத்தைந்து வருஷக் கணக்குப் புரிந்துவிடும்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அது 1921-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி ஹவாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலம். வருஷத்துக்கு ஒரு டாலர், 99 வருஷக் குத்தகை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குத்தகை வாங்க உடம்பில் பாதி ரத்தம் ஹவாய் ரத்தமாக இருக்க வேண்டும். வாரிசாகப் பிள்ளையோ பேரனோ எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் கால்வாசி. வரிசையில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருந்தே செத்தவர்கள் உண்டு. நண்பனின் அப்பாவுக்குப் பாதி உண்டு. நண்பனுக்குக் கால்வாசிக்குச் சற்று மேல். அவன் தங்கை மணந்தது ஒரு பிலிப்பைன்ஸ் வம்சத்துப் பையனை. அன்றைக்கு ஒரு வயது நிறைந்த அந்தக் குழந்தை, சட்டத்தின் கணக்கில், பாட்டன் வீட்டுக்குப் பாத்தியதை இல்லாதவள்.

ஹவாய்க்காரர்கள் தங்களை இப்படிப் பின்னத்தில் எண்ணியதே கிடையாது. அவர்கள் வம்சவரிசையை ஓதுவார்கள். 'மோஓகூஅவுஹவு' என்று பேர். குமுலிப்போ என்ற படைப்புப் பாடல் இரண்டாயிரம் அடிகளுக்கு மேல் போகிறது; பவளப்பூச்சியில் ஆரம்பித்து மீன், பறவை, மனிதன் என்று வந்து அரச குலத்தில் முடிகிறது. கவிழ்க்கப்பட்ட ராணி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1897-இல் வெளியிட்டார். அந்த ஓதலில் பேர் இருந்தால் நீ உள்ளே, அவ்வளவுதான். முக்காலா காலா என்று யாரும் கேட்பதில்லை. மண்ணின் மைந்தனுக்கு அவர்கள் சொல்லும் 'ஓய்வி' என்ற சொல்லுக்குள் எலும்பு இருக்கிறது. முன்னோர் எலும்பு எந்த மண்ணில் கிடக்கிறதோ அதுதான் ஊர். மாவியில் 1980களின் இறுதியில் ஓட்டல் கட்டத் தோண்டி ஆயிரம் பேர் எலும்பை வெளியே எடுத்தபோது தீவே கொதித்தது. ஓட்டலைத் தள்ளிக் கட்டினார்கள். ஜவாயியன் பெருக்கெடுத்த அதே வருஷங்கள் அவை.

இப்போது பாதிக்கு மேற்பட்ட ஹவாய்க்காரர்கள் ஹவாயில் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 53 சதவீதம் பேர் அமெரிக்கப் பெருநிலத்தில். வீட்டு விலை துரத்துகிறது. லாஸ் வேகாஸுக்கு 'ஒன்பதாவது தீவு' என்று பட்டப்பெயர். அந்த ஊர்களில் ஹவாய் ரெகே குழு எதுவும் வந்தால் தெரிந்த முகம் எல்லாம் அங்கே இருக்கும் என்று நண்பன் சொல்வான். 1979-இல் அவர்களுக்கு அந்தப் பாட்டு ஓர் உவமை. கடல் கடந்த தாயகத்தைப் பற்றிய பாட்டு இப்போது சொல்லுக்குச் சொல் நிஜமாகிவிட்டது. நண்பனே ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து திரும்பும்போது டேப் சுற்றிய ஐஸ்பெட்டியில் உறைந்த பொய்யைக் கொண்டுவருகிறான்.

அன்றிரவு கூட்டம் கலையும்போது எல்லோரும் எழுந்து வட்டமாகக் கை கோத்தார்கள். 'ஹவாய் அலோஹா' பாட வேண்டுமாம், எந்த விசேஷமும் இதில்தான் முடியும். எழுதியவர் லொரென்சோ லயன்ஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரி. மெட்டு ஒரு சர்ச் மெட்டு. அங்கிள் உகுலேலேயைக் கீழே வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்காரரும் எழுந்துவிட்டார். பேஸ் வாசித்த பையன் மட்டும் நிறுத்தவில்லை. முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டு, அந்தச் சர்ச் மெட்டுக்கு அடியில் ரெகேயை ஓட்டிக்கொண்டே இருந்தான். கை கோக்க அவனிடம் கை இல்லை. இரண்டு வாண்டுகள் ஆளுக்கொரு பக்கம் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வட்டத்தை மூடின.